செவுள் பார்க்கத் தெரியாத ஆப்

வண்ணார்பேட்டையில் மீன்கடை வைத்திருக்கிறேன். உவரியிலிருந்து மீன் வாங்கி அனுப்பும் என் அண்ணன் தினமும் விடியற்காலையில் மீனின் செவுளை விரித்துப் படம் எடுத்து அனுப்புவான். எந்த வள்ளத்து மீன் எப்படி இருந்தது என்று பிறகு பார்க்க எனக்கு அந்தப் படங்கள் வேண்டும். போன் நிரம்பிவிட்டதால், அவற்றை ஒழுங்காக அடுக்கிவைக்க ஒரு ஆப் வேண்டும் என்று செல்போன் கடை அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"இதப் போட்டுக்கோம்மா, குப்பைய அதுவே கண்டுபிடிச்சுச் சொல்லிரும்" என்று ஒன்றை ஏற்றிக் கொடுத்தார்.

அங்கேயே திறந்தேன். ஒரு மாதத்து மீனையும் "ஒரே மாதிரியான படங்கள்" என்று குவித்து, ஒன்றுக்கு மட்டும் "சிறந்தது" என்று நட்சத்திரம் போட்டிருந்தது. மற்றதையெல்லாம் அழிக்கட்டுமா என்று கேட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திங்கட்கிழமைச் சீலா மீனும் வெள்ளிக்கிழமைச் சீலா மீனும் ஒன்றா? அதைவிடக் கொடுமை, நட்சத்திரம் வாங்கிய படம் நான் எடுத்தது. கெட்டுப்போய் வந்த மீனை, அண்ணனோடு சண்டை போடுவதற்காக, வெளுத்த செவுள் தெரிய வெயிலில் வைத்து எடுத்திருந்தேன்.

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "படம் நல்ல வெளிச்சமா இருக்குல்லா, அதான்."

"அதே மாதிரி மீனுல கொழம்பு வச்சுத் தாரேன், சாப்பிடுதியளா அண்ணாச்சி?"