ஸ்பீக்கரில் போட்ட கவுன்சலிங்

ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு, திருப்பதியில் வீட்டு மாடி அறையில் லேப்டாப்பைத் திறந்துவைத்து ஆன்லைன் கவுன்சலிங் ஆரம்பித்தேன். முதல் மாதமே ஒரு தவறு செய்தேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

1. சீலிங் ஃபேன்

ரேவதிக்கு (பெயரை மாற்றியிருக்கிறேன்) ஆந்திராவில் விஜயபுரம் பக்கம், தமிழ் பேசும் ஒரு எல்லைக் கிராமம். புருஷன் குவைத்தில் டிரைவர். குழந்தை பிறந்து மூன்று மாதமாகத் தூக்கமில்லை, பேச்சில்லை என்று அந்த ஊர் சுகாதாரப் பணியாளர், ஆஷா பணியாளர் என்பார்கள், என் நம்பரைக் கொடுத்திருந்தார். கைக்குழந்தையோடு பஸ் மாறி மாறித் திருப்பதி வந்து, மனநல ஓ.பி. வரிசையில் ஊர்க்காரர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று முந்தானையை இழுத்துக்கொள்ளும் பெண்களை இருபது வருடம் பார்த்தவள் நான். பஸ்ஸும் வரிசையும் இல்லாத வைத்தியம் இது என்று எனக்குப் பெருமை.

வீடியோ திறந்தது. முதலில் சீலிங் ஃபேன். அப்புறம் மாமியாரின் நெற்றி. அப்புறம் முழு வீடு. மாமனார் சுவரில் சாய்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரிக்கு பி.பி. மாத்திரையில் சந்தேகம். நடுவில் குழந்தையோடு ரேவதி, போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி.

எப்படிம்மா இருக்கே என்றேன். மாமியார் முந்திக்கொண்டார்.

"சோறு துன்றா, பாலு குடுக்கறா. இன்னா கொற அவளுக்கு? நல்லா கீறா."

ரேவதி சிரித்தாள். "நல்லா கீறேன் மேடம்."

மூன்று வாரம் இதே கூட்டம், இதே சிரிப்பு. ஃபைலில் 'முன்னேற்றம்' என்று எழுதினேன். அடுத்த வாரத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லி வைத்தேன்.

2. கட்டைவிரல்

பத்து நிமிடத்தில் ரேவதியிடமிருந்து வாட்ஸப் வந்தது. அவள் படித்தது தெலுங்கு மீடியம். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தாள்.

"முடிச்சிடாதீங்க மேடம். பாப்பா அழுதா யாரோ வூட்டுக் கொழந்த அழுவற மாதிரி கீது. கிணத்தாண்ட போவ பயமா கீது."

செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா என்று சுற்றிவளைக்காமல் கேட்டேன். தோன்றுகிறது என்றாள். பக்கத்தில் யார் என்றால், எல்லாரும் டிவி பார்க்கிறார்களாம். இடத்தைவிட்டு எழுந்திருக்காதே, அத்தையிடம் நான் சொல்லட்டுமா என்றேன். 'ம்' என்று ஒரு எழுத்து வந்தது.

மாமியாருக்கும் ஆஷா பணியாளருக்கும் போன் போட்டேன். அரை மணியில் ஆஷா பணியாளர் அங்கே இருந்தார். மறுநாள் புத்தூரில் டாக்டரைப் பார்த்தார்கள். மாத்திரை அவர் கொடுத்தது. ராத்திரி பக்கத்தில் படுத்துக்கொண்டது மாமியார். திரை வழியாக எல்லாம் ஆகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதல் உண்மை திரை வழியாகத்தான் வந்தது.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் மாமியார் தனியாக போன் செய்தார்.

"தப்பா நெனச்சிக்காதம்மா. அவன் குவைத்துலருந்து போன் பண்ணா எல்லாரும் சுத்தி உக்காந்துகினு நல்லா கீறோம்னுதான் சொல்லுவோம். தூரத்துல கீறவன் கவலப்படக் கூடாது இல்ல? உனக்கும் அதயேதான் சொல்லிட்டோம்."

அவர் மேல் தவறே இல்லை. கடல் தாண்டிச் சம்பாதிக்கப் போனவர்களின் வீடுகள் போனில் பேசக் கற்றுக்கொண்ட விதம் அது. அந்த மரியாதையை எனக்கும் செய்தார்கள். அதைத்தான் நான் 'முன்னேற்றம்' என்று எழுதிவைத்தேன்.

அதன்பிறகு வீடியோ வேண்டாம் என்று முடிவு செய்தோம். செவ்வாய், வெள்ளி, நாற்பது நிமிடம், டைப் மட்டும். வீடு முழுக்க இரைச்சல். நடுவில் அவள் கட்டைவிரல் மட்டும் அழுதது, கோபப்பட்டது, கேள்வி கேட்டது. என் முகத்துக்கு எதிரே உட்காரவைத்திருந்தால் இதில் பாதிகூட வந்திருக்காது. இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். இரண்டாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை எழுதினாள்:

"பாப்பா என்னப் பாத்து சிரிச்சா. எனக்கும் சிரிப்பு வந்துச்சி மேடம். தானா வந்துச்சி."

3. குவைத் கால்

நடந்ததைப் புருஷனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டும் என்று அவளே முடிவு செய்தாள். வீடே சுற்றி உட்கார்ந்திருக்க, அவன் வழக்கம்போல நல்லா கீறியா என்று கேட்டானாம். "இல்ல, பாப்பா பொறந்ததுலருந்து நல்லா இல்ல, இப்பதான் தேறிக்கினு கீறேன்" என்றாளாம். மாமனார் கடலை உரிப்பதை நிறுத்திவிட்டார். லைன் கட்டாகிவிட்டதோ என்று மாமியார் போனைத் தட்டிப் பார்த்தாராம்.

அப்புறம் அவன் கேட்டிருக்கிறான்: "எனக்கும் தூக்கம் இல்ல ரேவதி. வண்டி ஓட்டறப்போ கை நடுங்குது. உங்க மேடம் என்கூடப் பேசுவாங்களா?"

வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. நிறுத்திவைத்த காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கூப்பிட்டான். எப்படி இருக்கிறீர்கள் என்று நான் ஆரம்பிக்கவில்லை. இப்போதெல்லாம் யாரிடமும் அப்படி ஆரம்பிப்பதில்லை.

"பக்கத்துல யாராவது இருக்காங்களா தம்பி?"

"யாரும் இல்ல மேடம்," என்றான். "சொல்லலாங்களா?"