தராசு குறைத்த எடை

இன்னாருக்கு வாழ்க்கை வரலாறு எழுதலாம், இன்னாருக்கு எழுதக் கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் தராசுவின் வரலாறு இங்கே எழுதப்படுகிறது. பெற்றோர் வைத்த பெயர் அவருக்கும் ஒன்று உண்டு. அது கரண்ட் பில்லில் பத்திரமாக இருக்கிறது.

தொழில், பல்செட் செய்வது. பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால் ஓர் அறை; ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய்கள் தெரியும், வேறொன்றும் தெரியாது. அலமாரி நிறைய ஊராரின் ஈறுகள், வெள்ளை பிளாஸ்டரில் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருக்கும். மேஜைமேல் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு குட்டித் தராசு. அருகில் நின்று பெருமூச்சு விட்டால் அதையும் எடை போட்டுவிடும் ரகம். உலோகத்தை நிறுக்க வாங்கியது. நம்மவர் அதில் முதலில் சாவிக்கொத்தை நிறுத்தார், பிறகு காலுறையை, பிறகு கல்யாண மோதிரத்தை. பட்டப்பெயர் அப்படித்தான் வந்தது.

உட்கார்ந்து செய்கிற வேலை. ஆனால் தராசுவுக்கு உட்காருவது என்பது இடுப்புக்கு மேலே மட்டும் நடக்கிற காரியம். மேலே கை கடைவாய்ப் பல்லுக்குப் பள்ளம் எடுத்துக்கொண்டிருக்கும். கீழே கால் தனியாக எங்கோ போய்க்கொண்டிருக்கும். வீட்டில் சாப்பாட்டு மேஜை ஓயாமல் ஆடும். துணிக்கடையில் கேஷியராக இருக்கும் மனைவி, நாள் முழுக்க வாடிக்கையாளர்களிடம் செலவழித்த பொறுமையில் மிச்சமிருந்ததை ஒருநாள் தீர்த்துவிட்டார். “என்னங்க, ஒண்ணு ஒழுங்கா உட்காருங்க. இல்ல, எங்கேயாவது ஓடிப் போங்க.”

தராசு இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். மலைப்பாதையில் ஓடுகிற கும்பல் ஒன்றில் சேர்ந்தார்.

ரோட்டில் ஓடினால் நாய் துரத்தும், லாரி ஹாரன் அடிக்கும், தெரிந்தவர்கள் “என்ன சார், பஸ்ஸை விட்டுட்டீங்களா?” என்பார்கள். மலையில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. அங்கே இருப்பதெல்லாம் பாறை, வேர், பள்ளம், மேலே வானம். இதில் வானத்தைத் தவிர எல்லாவற்றையும் தராசு கவனித்தார். எடை குறைந்தால் வேகம் கூடும் என்பது அவர் கண்ட உண்மை. டூத்பிரஷ்ஷைப் பாதியாக வெட்டினார். கால்சட்டையில் தைத்திருந்த லேபிளைப் பிளேடால் எடுத்தார். மழைக்கோட்டின் தலைமூடியை அறுத்தார். “தலைக்கு முடி இருக்கே” என்று காரணம் சொன்னார். பந்தயத்துக்கு முதல்நாள் அந்த முடியையும் வெட்டிக்கொண்டார்.

இப்போது மச்சினன். மனைவியின் ஒரே தம்பி. பள்ளிக்கூட பஸ் டிரைவர். முதுகுக்குப் பின்னால் நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தினாலும் முகத்தில் ஒரு கோடு மாறாத மனிதர். கோபம் என்ற சரக்கே உடம்பில் கிடையாது. கொழுப்பு என்ற சரக்கு நிறைய உண்டு என்று டாக்டர் சொன்னார். உடனே குறைக்காவிட்டால் இதயம் தன் வேலையை ராஜினாமா செய்துவிடும் என்றும் சொன்னார். மச்சினன் அத்தானிடம் வந்து சேர்ந்தது இப்படித்தான். முதுகில் ஒரு பெரிய பை. உள்ளே ஸ்வெட்டர், டார்ச், கயிறு, பிஸ்கட், பிளாஸ்க், பைக்கில் போகிறவர்கள் போடும் ரப்பர் மழைக்கோட்டு. எவருக்கு எது தேவைப்பட்டாலும் அதில் இருக்கும் என்பதால் ஓட்டக் கும்பல் அவரைப் ‘பீரோ’ என்றது. அவரும் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தார்.

அந்த மலையில் வருடம் ஒரு பந்தயம் நடக்கும். விதி எளிது. மழைக்கோட்டு இல்லாதவர் ஓட முடியாது. அதை முதல்நாள் மாலையே பையைத் திறந்து பார்த்துவிடுவார்கள். இன்னொன்று, நண்பகலுக்குள் உச்சி முகட்டின் அடிவாரத்தைத் தொட்டாக வேண்டும். தொடாதவரை வேனில் ஏற்றிக் கீழே கொண்டுவந்துவிடுவார்கள். மச்சினன் முதல் இரண்டு வருடமும் வேனில்தான் வந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து, பிஸ்கட் தின்றபடி, மூச்சிரைக்க இறங்கிவரும் அத்தானைப் பார்த்து உற்சாகமாகக் கையசைத்தார். கும்பலே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அந்தக் கையசைப்பு தராசுவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

மூன்றாவது வருடம் கிளம்பும்போது மனைவி வாசலில் நின்று ஒன்றே ஒன்று சொன்னார். “நீங்க எப்படியாவது வாங்க. என் தம்பியை முழுசாக் கூட்டிட்டு வாங்க.”

வானிலைக்காக தராசுவின் போனில் நான்கு செயலிகள் இருந்தன. மூன்று, பிற்பகலில் இடி மழை என்றன. நான்காவது வெயில் என்றது. தராசு நடுநிலையோடு ஆராய்ந்து, அந்த மூன்றையும் போனிலிருந்து நீக்கினார்.

பந்தயத்தன்று காலை, மலையடிவார லாட்ஜில் மச்சினன் குளியலறைக்குள் பாடிக்கொண்டிருந்தபோது, சரித்திரம் படைக்கும் அந்தக் காரியத்தைச் செய்தார். பையைத் திறந்து ரப்பர் கோட்டை உருவினார். ஸ்வெட்டரையும் உருவினார். இரண்டையும் காரின் சீட்டுக்கு அடியில் திணித்தார். பை தொளதொளவென்று ஆகிவிடாமலிருக்க, பிளாஸ்டர் அச்சுகளைச் சுற்றி அனுப்புவதற்காகக் காரில் கிடந்த குமிழ் பிளாஸ்டிக்கை, அழுத்தினால் ‘டப்’ என்று வெடிக்குமே, அதைச் சுருட்டி உள்ளே வைத்தார். துரோகமாக அவர் இதை நினைக்கவில்லை. மச்சினன் ஒருமுறையாவது வேனை ஜெயிக்கட்டும் என்ற குடும்பப் பாசம்.

பாசம் வேலை செய்தது. மச்சினன் அன்று மான் மாதிரி ஓடினார் என்று எழுத ஆசைதான். சுறுசுறுப்பான பசு மாதிரி ஓடினார். முகட்டின் அடிவாரத்தை அடைந்தபோது வேன் காலியாக நின்றது. டிரைவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“அத்தான்! வேனை முந்திட்டேன் அத்தான்!”

“கத்தாதடா, மூச்சைச் சேத்து வை” என்றார் தராசு, கண்ணைத் துடைத்துக்கொண்டே. வேர்வை என்று வைத்துக்கொள்ளலாம்.

அங்கே தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த பெண், அவர்களைப் பார்க்காமல் மேலே பார்த்தாள். “அண்ணா, அந்தப் பக்கம் கறுத்துட்டு வருது. நிறுத்திடலாமான்னு வயர்லெஸ்ல கேட்டிருக்காங்க. கொஞ்சம் இருங்களேன்.”

“காத்து அங்கிட்டுதாம்மா அடிக்குது. அது நம்மகிட்ட வராது” என்றார் தராசு.

“இல்லண்ணா, போன தடவையும் இப்படித்தான்...”

வழக்கமாக இந்த இடத்தில் மச்சினன்தான் “இருந்து பாப்போம் அத்தான்” என்பார். ஆனால் வேனை ஜெயித்தவர் அல்லவா? “ஒரே ஒரு தடவை மேல போய்ப் பாத்துடறேனே” என்றார். தராசுவுக்குப் பெருமை தாங்கவில்லை. போனார்கள்.

முகடு மொட்டைப் பாறை. மரம் கிடையாது, ஒதுங்க ஒன்றும் கிடையாது. பாதி தூரம் போவதற்குள் வெளிச்சம் மங்கியது. காற்று சட்டென்று நின்றது. பிறகு தராசு கையில் பிடித்திருந்த ஊன்றுகோல்கள் இரண்டும், உள்ளே வண்டு புகுந்ததுபோல ரீங்காரமிட ஆரம்பித்தன.

“அத்தான், உங்க தலையில வெட்டாம விட்ட முடி ஏன் நட்டுக்கிட்டு நிக்குது?”

தராசு ஊன்றுகோல்களை வீசினார். ஊரிலேயே எடை குறைந்தவை என்று தேடித் தேடி வாங்கியவை. “ஓடுடா!” என்று மச்சினனின் தோளைப் பிடித்துத் தள்ளினார். இருவரும் முகட்டைவிட்டுச் சரிவில் இறங்கி, உருண்டு, ஒரு பள்ளத்தில் விழுந்தார்கள். அவர்கள் நின்றிருந்த இடத்துக்குப் பக்கத்தில் வானம் பிளந்தது. சத்தம் காதில் விழவில்லை, பல்லில் விழுந்தது. பல்லைப் பற்றி எல்லாம் தெரிந்தவருக்கு அதுவரை தெரியாத விஷயம் அது.

மின்னல் இருவரையும் சேர்த்து அடித்துவிடாமல் இருக்கத் தள்ளித் தள்ளிக் குந்தினார்கள். ஆலங்கட்டி விழுந்தது, பிறகு மழை, பிறகு மழையும் காற்றும் கூட்டணி வைத்தன. இடி நகர்ந்து போவதற்குள் இருவரும் நனைந்து, உள்ளாடைவரை குளிர்ந்துவிட்டார்கள். ‘இப்பத்தான் பீரோவுக்கு வேலை’ என்று மச்சினன் பையைத் திறந்தார். கையை விட்டுத் துழாவினார். உருண்டதில் உடைந்த பிளாஸ்க் வந்தது; பிறகு குமிழ் பிளாஸ்டிக் சுருள் வெளியே வந்தது.

“இது என்ன அத்தான்? கோட்டைக் காணோம்... ஸ்வெட்டரையும் காணோம்.”

தராசு குனிந்து ஷூ லேஸை இறுக்கினார்.

“அக்கா வச்சிருப்பா” என்று மச்சினனே முடிவுக்கு வந்தார். “ஏதோ அடுக்கறப்ப கைதவறி மாத்தி வச்சிருப்பா. பாவம். அவகிட்ட சொல்லிடாதீங்க, வருத்தப்படுவா.”

தராசு தன் கோட்டைக் கழற்றி மச்சினனுக்குப் போட்டுவிட்டார். ஒரு கைதான் நுழைந்தது. ஜிப்பின் இரண்டு ஓரங்களும் ஒன்றையொன்று தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டன. தலைமூடி இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நேராக முதுகுக்குள் இறங்கியது. வேறு வழியில்லாமல் குமிழ் பிளாஸ்டிக்கை மச்சினனின் சட்டைக்குள் மார்பையும் முதுகையும் சுற்றிக் கட்டினார், கடையில் கண்ணாடிச் சாமானைக் கட்டுவதுபோல. மச்சினன் நடுங்கினார். நடுங்க நடுங்க, உள்ளே டப், டப் டப், டப் என்று குமிழ்கள் வெடித்தன.

“தீபாவளி” என்று சொல்லிச் சிரிக்கக்கூட தராசுவுக்கு நாக்கு எழவில்லை. கைகளைத் தேய்த்துவிட்டார். “எழுந்திருடா, இறங்கிடலாம். கீழ முதலுதவிக் கூடாரம் இருக்கு.”

“கொஞ்ச நேரம் அத்தான்.”

டப். டப்.

“கொஞ்ச நேரம்னா விறைச்சுப் போவ. எழுந்திரு.”

டப்.

அப்புறம் சத்தம் நின்றது.

குமிழ் தீர்ந்துவிட்டதா என்று தராசு தடவிப் பார்த்தார். நிறைய இருந்தன. நின்றது நடுக்கம். மச்சினன் நிம்மதியான முகத்தோடு சொன்னார்: “இப்ப நல்லா கதகதன்னு இருக்கு அத்தான். சட்டையைக் கழட்டிடவா? மணி அடிச்சதும் எழுப்புங்க. பசங்களை ஏத்தணும்.”

ஓட்டக் கும்பலின் பாலபாடம் இது: நடுங்குகிறவன் பிழைப்பான், வெக்கையாக இருக்கிறது என்பவனைத் தூங்க விடாதே. தராசு மச்சினனின் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தார். அசையவில்லை. வாழ்நாள் முழுக்க கிராம்களோடு போராடிய மனிதருக்கு எதிரே முதல்முறையாகக் கிலோக்கள் உட்கார்ந்திருந்தன. கத்தினார். கன்னத்தில் தட்டினார். இவனுக்கு ரோஷம் வந்தால் எழுந்துவிடுவான் என்று தோன்றவே, வசைபாடத் தொடங்கினார்.

“உனக்கு பஸ் ஓட்டத் தெரியாதுடா! ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது!”

“ஆமா... கண்ணாடி சரியில்ல.”

“பசங்க உன்னை என்னன்னு கூப்பிடறாங்க தெரியுமா? குண்டு பூசணி!”

“நல்ல பசங்க.”

“எங்க வீட்டுல வந்து எத்தனை நாள் ஓசிச் சாப்பாடு சாப்பிட்டிருக்க!”

“அக்கா நல்லா சமைப்பா...” கண்கள் மூடிக்கொண்டன.

தராசுவிடம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதைச் சொல்லாமல் இருந்துவிட எவ்வளவோ பார்த்தார். மச்சினனின் காதருகே வாயை வைத்தார்.

“டேய். அக்கா இல்லடா. கோட்டை எடுத்தது நான்.”

மழை பெய்தது.

“நான்தான் எடுத்தேன். ஸ்வெட்டரையும். கார்ல சீட்டுக்கு அடியில இருக்கு.”

ஒரு கண் திறந்தது. “எதுக்கு?”

“நீ வேன்ல வந்தா எனக்கு அசிங்கமா இருக்கு. அதுக்கு.”

மற்றொரு கண்ணும் திறந்தது. அதற்குப் பின் நடந்தது தராசுவுக்குச் சரியாக ஞாபகமில்லை. கட்டியிருந்த குமிழ்கள் மொத்தமாக வெடிக்கிற சத்தம் கேட்டது என்பார். மச்சினன் எழுந்திருந்தார். கல்யாணமான நாள் முதல் அத்தானை ‘வாங்க, போங்க’ என்றே அழைத்துவந்த வாய் திறந்தது.

“நில்லுடா!”

தராசு நிற்கவில்லை. சரிவில் ஓடினார். எட்டிப் பிடித்துவிட முடியும் என்ற நம்பிக்கை மச்சினனுக்குக் குறையாத தூரத்திலேயே ஓடினார். பின்னாலிருந்து பிளாஸ்டிக் சரசரக்க, டப்டப் என்று வெடிக்க, ஒரு பஸ் டிரைவர் பல வருடங்களாகப் பிள்ளைகளிடமிருந்து கேட்டுச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. மச்சினன் விழும்போதெல்லாம் தராசு நின்று, “அவ்வளவுதானா உன் வீரம்?” என்பார். மச்சினன் எழுவார். கூடாரத்துக்குள் இருவரும் ஒரே நேரத்தில் விழுந்தார்கள். மச்சினன் கையை ஓங்கி ஓர் அறை விட்டார். விரல்கள் மடங்க மறுத்ததால் அது தடவிக்கொடுத்ததுபோல இருந்தது.

நர்ஸ் இருவரையும் பிரித்து, ஈரத்தை உருவி, கம்பளியில் சுற்றி, வெந்நீரில் சர்க்கரை கரைத்துக் கொடுத்தார். சற்று நேரத்தில் மச்சினனின் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது.

“நடுங்கறாரா? அப்பாடா” என்றார் நர்ஸ். “இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கஷ்டம். யார் சார் இவரை இவ்வளவு வேகமா இறக்கினது?”

இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள். பந்தயம் ரத்தாகிவிட்டதால், மச்சினனின் வாழ்நாளிலேயே வேகமான அந்த ஓட்டம் எங்கும் பதிவாகவில்லை.

மனைவி போனில் வந்தபோது தராசு ஒன்றையும் மறைக்கவில்லை. மறுமுனையில் திட்டு வரவில்லை. “தம்பிகிட்ட கொடுங்க” என்றார், அவ்வளவுதான். திட்டுக்காகத் தயாராக இருந்தவருக்கு அது போதாமல் போயிற்று; இன்றைக்கும் அந்தத் திட்டு எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்.

மச்சினன் வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. பேசுவதை நிறுத்தினார். மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, “அக்கா, அந்த ஆளை உப்பை இங்க தள்ளச் சொல்லு” என்பார். அக்கா சொல்வார். அந்த ஆள் தள்ளுவார். மேஜை முன்னைவிட அதிகமாக ஆடியது. பிளாஸ்டர் ஈறுகள் நடுவே உட்கார்ந்திருக்கும்போது, ஜன்னலில் நிழல் விழுந்தால் தராசு எழுந்துவிடுவார். குழாய்களுக்கு மேலே தெரியாத வானத்தைக் கழுத்தை ஒடித்துத் தேடுவார். டாக்டர் இரண்டு பல்செட்டுகளைத் திருப்பி அனுப்பினார். ஒன்றில் மேல்வரிசை சற்றே திகைத்ததுபோல இருந்ததாம்.

கடைசியில் கால் தாங்கவில்லை. ஒருநாள் மதியம், வேலையைப் பாதியில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் தனியாக மலைக்குப் போனார். மதியச் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து வீட்டுக்கு வரும் மனைவிக்குச் செருப்பு ஸ்டாண்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஓட்ட ஷூவைக் காணோம் என்றால் தம்பிக்குப் போன் போகும்.

பாதி ஏற்றத்தில் தராசுவின் போன் அடித்தது.

“அத்தான். எங்க இருக்க?”

அத்தான் திரும்பி வந்திருந்தது. ‘இருக்கீங்க’ வரவில்லை. தராசு அந்தக் கணக்கை ஒப்புக்கொண்டார்.

“ஏறிட்டு இருக்கேன்டா.”

“தலைக்கு மேல பாரு.”

பார்த்தார். தெற்கே ஓரமாக, இன்னும் தூரத்தில், கறுப்பாக ஒரு திட்டு.

“அது நம்ம பக்கம் வரா...”

“இறங்கு.”

திரும்பினார். “சரி, இறங்கறேன். போனை வை.”

மச்சினன் வைக்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் பஸ்ஸை நிறுத்திவிட்டு மணிக்காகக் காத்திருந்தார் போல. கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது; நாற்பது தொண்டைகளின் கூச்சல் போனுக்குள் ஏறியது. “சீட்டு மேல நிக்காத... நீ பின்னால போ” என்று யாரையோ அதட்டும் குரல் நடுநடுவே வந்தது. தராசு போனைக் காதில் அழுத்திக்கொண்டு, பாறை பாறையாகக் கால் வைத்து, கீழே காரைப் பார்க்கும்வரை இறங்கிக்கொண்டே இருந்தார். பஸ் அதுவரை கிளம்பவில்லை.