என் ஆற்றங்கரையில் அவள் எடுத்த படம்

கடையில் மல்லி நிறுத்துக்கொண்டிருந்தபோது அந்தப் படம் வந்தது. பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு மசாலாக் கடையில் நிற்கிறவள் நான். ஆள் எதிரே நிற்கும்போது கைப்பேசியைத் தொடக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. தொட்டேன். பறவை பார்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பாலத்துக்கு அந்தப் பக்கம் செபராங் ஜெயாவில் இருக்கிற ஒருத்தி போட்டிருந்தாள். பராவ்-பராவ் என்கிற பாட்டுப் பறவை. வைக்கோல் மஞ்சளில் தலை, மீசை மாதிரி ஒரு கறுப்புக் கோடு.

இடத்தை எழுதவில்லை. பிடித்து விற்கிற பறவைக்கு யாரும் இடம் எழுதமாட்டோம். ஆனால் பின்னால் மங்கலாகத் தெரிந்த நீலத் தண்ணீர்க் குழாய் எனக்குத் தெரியும். ஆயர் ஈத்தாமில் என் ஃப்ளாட்டுக்குப் பின்னால் ஓடுகிற ஆறு. என் ஆறு என்றுதான் சொல்வேன். மழையிலும் வெயிலிலும் அங்கே நடந்து கொசுக்கடி வாங்கியவள் நான்.

பராவ்-பராவ் ஒரு காலத்தில் ஆற்றோரமெல்லாம் பாடிக்கொண்டிருந்ததாம். பாட்டு நன்றாக இருந்ததுதான் அதற்கு வினை. பிடித்துப் பிடித்துக் கூண்டில் போட்டார்கள். நான் அதைப் பார்த்ததெல்லாம் கூண்டில்தான். வெளியே, கம்பி இல்லாமல், ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் நான் அந்த ஆற்றை விடாமல் சுற்றினேன். அதை இவள் பார்த்துவிட்டாள்.

இவள் குழுவுக்கு வந்தது போன வருஷம். ஆபீஸ் வேலை, என்னைவிட வயது குறைவு. பீரங்கி மாதிரி ஒரு லென்ஸ். அதைத் தூக்கிவரப் புருஷன், வெயில் அடித்தால் குடை பிடிக்கவும் அவன்தான். என் லென்ஸ் இன்னொருவர் வேண்டாம் என்று விற்றது. என் புருஷன் ஞாயிற்றுக்கிழமை எழுந்திருப்பதே பெரிய விஷயம்.

மதியம் அவளுக்குப் போன் போட்டேன்.

"எப்படிம்மா கெடைச்சிச்சு?"

"நான் ஒண்ணுமே பண்ணல லா அக்கா. அவரு மீ கோரெங் வாங்கப் போனாரு. நான் நெழலா இருக்குன்னு ஆத்துப் பக்கம் எறங்குனேன். அதுவா வந்து குளிச்சிச்சு. நான் ஏதோ கொண்டைக்குருவின்னு நெனச்சேன்."

ஏதோ கொண்டைக்குருவி. போனை வைத்துவிட்டு மிளகாய் மூட்டையை ஒரு உதை விட்டேன்.

இரவு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குற்றம் தேடித்தான் பார்த்தேன். கூண்டிலிருந்து தப்பிய பறவையைக் கண்டுபிடிக்க வழி உண்டு. கம்பியில் உரசி உரசி வால் நுனி பிய்ந்திருக்கும், நெற்றியில் இறகு கொட்டியிருக்கும். தப்பி வந்த பறவை எங்கள் கணக்கில் சேராது. அவள் படத்தில் நெற்றி தெளிவாக இல்லை. வால் நுனி நார் நாராகத் தெரிந்தது. குழுவில் எழுதினேன்: "வாலைப் பாருங்கள். இது கூண்டுப் பறவை."

எங்கள் குழுவில் ஒரு சீன அங்கிள் இருக்கிறார். பினாங்கில் யார் எந்தப் பறவையை எங்கே பார்த்தார்கள் என்று பதிவு செய்கிறவர். அவர் ஒத்துக்கொண்டால்தான் பதிவு. வால் சந்தேகமாக இருக்கிறது, இன்னும் நல்ல படம் வரட்டும், அதுவரை நிறுத்திவைக்கிறேன் என்று எழுதினார். வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் கப்சிப் ஆனார்கள். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிறு விடிவதற்கு முன்னால் பூட்ஸை மாட்டினேன். என் புருஷன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"எங்க கெளம்பிட்ட?"

"ஆத்துக்கு."

"அதான் கூண்டுக் குருவின்னு சொல்லிட்டியே. அப்பறம் என்னா?"

"நீங்க தூங்குங்க."

"கூண்டுக் குருவி பாக்கணும்னா கீழ் வீட்டு மலாய்க்காரப் பாக்ச்சிக் ரெண்டு வச்சிருக்காரு. பூட்ஸு தேவையில்ல."

கேமராவை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

நீலக் குழாய்க்கு எதிரே புதருக்குள் உட்கார்ந்தேன். வெகுநேரம் ஒன்றுமில்லை. ஜாகிங் போகிறவர்கள் பாட்டுப் போட்டுக்கொண்டே போனார்கள். வெயில் ஏறியதும் ஆற்றின் அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் கேட்டது. தண்ணீர் கொதிக்கிற மாதிரி, குலுங்கிக் குலுங்கி வருகிற பாட்டு. இன்னொன்று அதற்குப் பதில் பாடியது. ஒன்றல்ல, இரண்டு.

ஒன்று இறங்கி மூங்கில் கிளையில் உட்கார்ந்தது. நான் முதலில் பார்த்தது வாலைத்தான். முழு வால். நுனியில் ஒரு கீறல் இல்லை. அவள் எடுத்தபோது அது குளித்துக்கொண்டிருந்தது, ஈரத்தில் வால் ஒட்டியிருந்திருக்கிறது. நெற்றியிலும் ஒரு இறகு குறையவில்லை. அலகில் பச்சைப் புழு. அதை முழுங்காமல் பக்கத்துக் கிளைக்குத் தாவியது. அங்கே நிறம் மங்கலாக, வாயை அகலத் திறந்துகொண்டு ஒரு குஞ்சு. புழு குஞ்சின் வாய்க்குள் போனது. பொத்தானை அழுத்தினேன். திரையில் பார்த்தால் புழுவின் கால்கூடத் தெரிந்தது. நான் இதுவரை எடுத்த படங்களில் அதுதான் நல்ல படம். அழுகை வந்தது. கொஞ்ச நேரத்துக்கு அவள் நினைப்பே இல்லை. அப்புறம் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கேமராவை மேசைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் படத்தைக் காட்டினால் வால் சந்தேகம் தீர்ந்துவிடும். காட்டுப் பறவை, குஞ்சு வேறு பொரித்திருக்கிறது. அப்படியானால் முதலில் பார்த்தவள் அவள். பதிவில் அவள் பெயர் ஏறும், நான் ரெண்டாவது. காட்டாவிட்டால் அவளுடையது சந்தேகத்திலேயே கிடக்கும். ஆனால் நான் பராவ்-பராவைப் பார்த்தேன் என்று ஒருவரிடமும் வாய் திறக்க முடியாது.

"ரெண்டும் கூண்டுலேருந்து தப்பிச்சு வந்து குடும்பம் நடத்துதோ?" என்று என் புருஷனிடம் கேட்டுப் பார்த்தேன்.

அவர் ரொட்டியைக் காப்பியில் முக்கிக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணு மேல உனக்கு என்னா கோவம்?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப அனுப்பிடு. இல்ல, அழிச்சிடு. ரெண்டுல ஒண்ணு பண்ணு லா. ஞாயித்துக்கிழமையும் அதுவுமா மொகத்தத் தூக்கி வச்சிக்கிட்டு."

அழிக்கிற பொத்தான்மேல் விரலை வைத்தேன். புழுவின் கால் தெரிந்தது. முடியவில்லை. அவளுக்காக இல்லை. என் படத்தை என்னால் கொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். அங்கிளுக்கு அனுப்பினேன்.

சாயங்காலத்துக்குள் பதில் வந்தது. கேள்வியே இல்லை, காட்டுப் பறவைதான். முதலில் கண்டவர் என்று அவள் பெயர். அதன் கீழே, உறுதிப்படுத்திய படம் என்று என் பெயர். எழுத்தின் அளவு ஒன்றுதான். எனக்கு மட்டும் சின்னதாகத் தெரிந்தது.

அவள் உடனே போன் செய்தாள். குரல் உடைந்திருந்தது.

"அக்கா, நீங்க இல்லன்னா என் படம் குப்பைக்குத்தான் போயிருக்கும். வால் சரியில்லன்னு மொதல்ல சொன்னதும் நீங்கதான், சரின்னு காட்டுனதும் நீங்கதான். எவ்ளோ நேர்மை அக்கா உங்களுக்கு."

"சரி சரி. வேல இருக்கு, வைக்கிறேன்" என்றேன். நேர்மையாம். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அடுத்த ஞாயிறு நான் ஆற்றுக்குப் போகவில்லை. பஸ் ஏறிப் பாலத்தைத் தாண்டி செபராங் ஜெயாவுக்குப் போனேன். அவள் இருக்கிற தாமான் வீடுகளுக்குப் பின்னால் ஒரு பெரிய கால்வாயும், வீடு கட்டாமல் விட்ட புல்வெளியும் இருக்கின்றன. அவள் நிழலுக்கு ஒதுங்கி என் ஆற்றில் பார்த்தாள் அல்லவா, அவள் தினமும் தாண்டிப் போகிற கால்வாயில் எனக்கு ஒன்று கிடைக்காதா. மைனாக்கள் இருந்தன. ஒரு கொக்கு பிளாஸ்டிக் பையைக் கொத்திக்கொண்டிருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது.

பின்னாலிருந்து அவள் குரல். கையில் குப்பைப் பை.

"அக்கா? இங்க என்ன பண்றீங்க?"

"சும்மா."

"இங்க ஒண்ணும் வராது அக்கா. வீட்டுக்கு வாங்க, காப்பித் தண்ணி கலக்குறேன்."

"நீ போ. நான் இன்னும் கொஞ்ச நேரம் நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, கொக்கைப் படம் எடுக்கிறவள் மாதிரி கேமராவைத் தூக்கினேன்.