ஐஸ் பெட்டியில் ஆறாம் பாகம்

மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடலோரத்தில் ததேயுஸ் வீடு எது என்று கேட்டால் எந்த ததேயுஸ் என்பார்கள். டி.வி. ததேயுஸ் என்று கேளுங்கள், வாசல் வரைக்கும் கொண்டு விடுவார்கள். வளைகுடாவில் ஒரு சின்ன நாட்டு டி.வி. நிலையத்தில் பன்னிரண்டு வருஷம் இருந்தவர். அவர் டி.வி.யில் நடித்தவர் என்றே ஊரில் பாதிப்பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள், அவரும் திருத்தப் போகவில்லை. நடிப்பும் இல்லை, கிடிப்பும் இல்லை. இங்கிலாந்திலிருந்து தகர டப்பாக்களில் வரும் பிலிம் சுருள்களை ஓட்டிப் பார்ப்பதுதான் மனுஷனுக்குச் சோலி. அறுந்த இடத்தை ஒட்ட வேண்டும், முத்தம் வந்தால் கத்தரிக்க வேண்டும், மறுபடி ஓட்டிச் சரிபார்க்க வேண்டும். ஒரு படத்தைக் குறைந்தது மூன்று தடவை பார்க்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

அப்படி 1979-இல் வந்து சேர்ந்ததுதான் 'தி டிஸ்டன்ட் லாம்ப்'. ஆறு பாகம், கறுப்பு வெள்ளை. வானத்தின் கடைசி எல்லையில் ஒரு விளக்குக்கூண்டு, அதைக் காவல் காக்க ஒற்றை ஆள். சாமான் கப்பல் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். கதவைச் சாத்தினால் சுவர் ஆடும், அட்டைச் சுவர்தானே. விண்வெளிக் கல் என்று காட்டியதெல்லாம் தெர்மாகோல். ஆனாலும் ததேயுஸுக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் லீவு.

நாலாவது பாகத்தில் அந்த ஆளுக்கு வீட்டிலிருந்து கடிதம் வரும், பிள்ளை பிறந்திருக்கிறது என்று. கடிதம் வந்து சேரும்போது பிள்ளை நடக்கத் தொடங்கியிருக்கும். ததேயுஸின் மகள் ரெஜிஷா பிறந்த செய்தியும் அந்த வருஷம்தான், ஒரு மாதம் பிந்திக் கடிதத்தில் வந்திருந்தது. அந்தப் பாகத்தை மூன்று தடவை பார்த்து மூன்று தடவையும் அழுதார், வெட்கம் கெட்டுப்போய்.

ஒளிபரப்பு முடிந்ததும் மேனேஜர் ஒரு கோடாலியைக் கையில் கொடுத்தார். அடுத்து வாங்க எந்த நாடும் இல்லையென்றால் பிலிமை வெட்டி அழித்து, அழித்தாயிற்று என்று கையெழுத்திட்டு லண்டனுக்குக் காகிதம் அனுப்ப வேண்டும். ததேயுஸ் நாலு டப்பாவை வெட்டினார். நாலாவதையும் ஆறாவதையும் கைலியில் சுற்றிச் சூட்கேஸுக்குள் வைத்துவிட்டு, ஆறையும் அழித்ததாகக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்குப் பிடித்தது அவருக்குப் பேடி, போலீஸ் வந்துவிடும் என்ற பயம். ஊருக்கு வந்தும் அந்த டப்பாக்கள் கட்டிலுக்கடியில் தகரப்பெட்டியில், பாச்சா உருண்டைக்கு நடுவில் முப்பத்து நாலு வருஷம் கிடந்தன. வாசலில் காக்கிச் சட்டை தெரிந்தால், தபால்காரராக இருந்தாலும் சரி, ததேயுஸ் பின்வாசல் வழியாகக் கடற்கரைக்குப் போய்விடுவார்.

2013 மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை ரெஜிஷா போன் செய்தாள். இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறாள். அவள் கவனித்துக்கொள்ளும் கிழவர் பழைய நடிகராம், பெயர் எட்கர் வின்ஸ்லேட். நாடக மேடையில் இருந்தவரை 1968-இல் ஒரு விண்வெளித் தொடருக்கு நாயகனாக்கினார்கள். ஒரே தொடர், ஆறே பாகம். அதற்குப் பிறகு விண்வெளி ஆள் என்று முத்திரை குத்திவிட்டார்கள். கூப்பிட்டதெல்லாம் விண்வெளிக்குத்தான், அதுவும் ரப்பர் முகமூடிக்குள். பல்லி மனிதனாக வந்தார், எறும்பு ராஜாவாக வந்தார், ஒரு தடவை பேசுகிற சகதியாகவும் வந்தார். போலீஸ் தொடர்களில் இரண்டு முறை பிணம். சோப்பு விளம்பரத்தில் குரல் மட்டும். சொந்த முகத்தோடு நாயகனாக நின்றது அந்த ஆறு பாகத்தில்தான். அதையும் கம்பெனிக்காரர்கள் டேப் மிச்சம் பிடிக்கிறோம் என்று அழித்துவிட்டு அதன்மேல் வேறு எதையோ பதிந்துவிட்டார்கள். உலகத்தில் மிச்சம் நாலு புகைப்படம்தானாம்.

"நீங்க கல்ஃப் டி.வி.ல இருந்திய இல்லியா, அதான் சொன்னேன். 'தி டிஸ்டன்ட் லாம்ப்'னு கேட்டிருக்கியளா அப்பா?" என்றாள் ரெஜிஷா. கிழவருக்கு இருதயம் ரொம்ப மோசம், இன்னும் சில வாரம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஒரே ஒரு தடவை அந்தத் தொடரில் தன் முகத்தைப் பார்த்துவிட்டால் போதும் என்று கிழவர் தினமும் சொல்கிறார் என்றும் சொன்னாள்.

ததேயுஸ் கட்டிலுக்கடியில் ஒரு பார்வை பார்த்தார். கேட்டதில்லை மக்களே என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அந்தப் பொய் அவரைச் சாப்பிட விடவில்லை. புதன், வியாழன் இரண்டு நாளும் கட்டிலையே சுற்றிச் சுற்றி வந்தார். உண்டு என்று சொன்னால் அந்தக் காகிதம் லண்டனிலிருந்து எழுந்து வரும், மகளின் வேலைக்கு உலை வைத்துவிடும் என்று மனசுக்குள் ஒரு வெப்ராளம், பதற்றம். இல்லை என்றால் ஒரு மனுஷன் தன் முகத்தைப் பார்க்காமலே சாவான். வெள்ளிக்கிழமை மனைவி வியாகுலம்மாளிடம் சொல்லிவிட்டார். அவள் முப்பது வருஷமாக மீன் வியாபாரம் செய்கிறவள், எதற்கும் அசரமாட்டாள். இந்தத் தகரத்துக்காகவா இத்தனை வருஷம் தபால்காரனைக் கண்டு ஓடினீர்கள் என்று கேட்டுவிட்டுச் சாளை மீன் எண்ணப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மகளிடம் சொல்லிவிடுவது என்று ததேயுஸ் முடிவு செய்தார். தைரியத்துக்கு அவருக்குப் பூசை தேவைப்பட்டது, என்ன செய்ய.

கடல் ஞாயிறு வரை காத்திருக்கவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கள்ளக்கடல் ஏறியது. காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, திடீரென்று அலை பொங்கித் தெருவுக்குள் வரும், அதைத்தான் கள்ளக்கடல் என்பார்கள். முழங்கால் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்து திரும்பியது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டிலுக்கடியில் தகரப்பெட்டி முழுகிப்போயிருந்தது.

ததேயுஸ் நாலாவது டப்பாவைத் திறந்து கவிழ்த்தார், உப்புத்தண்ணீர் கொட்டியது. சுருளைப் பிரித்து முற்றத்தில் வலை உலர்த்தும் கயிற்றில் நீளமாகத் தொங்கவிட்டார். கடலோரத்தில் நனைந்த எதையும் வெயிலில்தான் போடுவார்கள், வலையானாலும் கருவாடானாலும் பாடப் புத்தகமானாலும். மே மாத வெயில் வேறு. உப்பு போகட்டும் என்று பிலிமின் ஒரு முனையைப் பிடித்துத் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டால் மெல்லத் துடைத்தார். துவர்த்து கறுத்தது. தூக்கிப் பார்த்தால் பிலிமில் ஒன்றுமில்லை, வெறும் கண்ணாடித் தாள். படம் முழுக்கத் துவர்த்தில் வழுவழுவென்று ஒட்டியிருந்தது. கயிற்றில் தொங்கிய மிச்சமெல்லாம் வெயில் பட்டு ஒன்றோடொன்று ஒட்டிச் சுருண்டுகொண்டிருந்தது. கோடாலிக்குத் தப்பியதைத் தன் கையாலேயே அழித்துவிட்டார். அப்படியே ஈர மணலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

வியாகுலம்மாள் ஆறாவது டப்பாவை அவர் கைக்கு எட்டாமல் எடுத்துக்கொண்டாள். நேராக மீன் ஐஸ் பெட்டிக்குப் போனாள். கிணற்று நல்ல தண்ணீரை ஊற்றி, சுருளை டப்பாவோடு முக்கி, சுற்றிலும் ஐஸை அடித்துப் போட்டு மூடினாள்.

"கெட்டுப்போற எதையும் முதல்ல ஐஸில வைக்கணும். பிறவு யோசிச்சுக்கலாம்" என்றாள்.

ததேயுஸ் மகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார், டப்பா, கையெழுத்து, செவ்வாய்க்கிழமைப் பொய், துவர்த்து எல்லாம். ரெஜிஷா திட்டவில்லை. கிழவரின் ரசிகர்களில் பழைய பிலிம் காப்பவர் ஒருவர் உண்டு, அவரை எழுப்பிக் கேட்டுவிட்டு இருபது நிமிஷத்தில் திருப்பிக் கூப்பிட்டாள். உலர்த்தவே கூடாது, குளிர்ந்த நல்ல தண்ணீரிலேயே வைத்திருக்க வேண்டும், அம்மா செய்ததுதான் சரி. திருவனந்தபுரத்தில் பிலிம் கழுவும் லேப் ஒன்று இருக்கிறது, அங்கே சொல்லியாயிற்று. ஆனால் ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள், மறுநாள் ஞாயிறு. திங்கள் வரை தண்ணீரில் கிடந்தால் மிஞ்சுமா என்று அந்த ரசிகருக்கே நிச்சயமில்லை.

கடல் ஏறியதில் தெருவெல்லாம் மணலும் கட்டுமரமும். வியாகுலம்மாளின் தம்பி மகன் அனிஷ் மீன் வண்டியை வெளியே எடுக்கவே ஒன்றரை ஆகிவிட்டது. மூன்று பேரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்தார்கள், ஐஸ் பெட்டி பின்னால். தக்கலையில் நெரிசல், மார்த்தாண்டத்தில் அதைவிட. மார்த்தாண்டத்திலேயே ஐஸ் பாதி கரைந்துவிட்டது, இறங்கி வாங்கி அடித்துப் போட்டார்கள். களியக்காவிளைக்கு வரும்போது மணி மூன்றே முக்கால். கேரள எல்லைச் செக்போஸ்டில் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்கள்.

ஐஸ் பெட்டிக்குள் மீன் இல்லாமல் தகர டப்பா கிடந்தால் எந்த அதிகாரிக்குத்தான் சந்தேகம் வராது? டப்பாவை வெளியே எடுத்துத் திறக்கச் சொன்னார். பிலிம் என்று அனிஷ் சொன்னதும் சந்தேகம் இரட்டிப்பானது. மேலே வெயில் கொளுத்தியது. அதிகாரி போட்டிருந்தது காக்கி. ததேயுஸின் கால்கள் ஓடத்தான் பார்த்தன. அவர் ஒரு கையால் பெட்டி மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"சார், இது நான் அழிச்சதா கையெழுத்துப் போட்ட படம். அழிக்கல்ல, கொண்டுவந்துட்டேன். எழுதணும்னா எழுதுங்க, நான் இங்கயே இருக்கேன். பெட்டிய மட்டும் விடுங்க. இத வெயில்ல எடுத்தா ஒரு மனுசனுக்க முகம் போயிரும்."

அதிகாரிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எந்தப் படம், யார் முகம் என்று கேட்டார். ததேயுஸ் கோடாலியிலிருந்து தொடங்கினார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். லேப்புக்குத் தன் போனிலிருந்தே அடித்து விசாரித்தார். வண்டி போகலாம், இவர் இருக்கட்டும், லேப்பிலிருந்து சேதி வந்ததும் அனுப்புகிறேன் என்றார்.

மணி நாலு பத்து. வியாகுலம்மாள் இறங்கவில்லை. அனிஷைப் பார்த்து வண்டிய விடு மக்கா என்று மட்டும் சொன்னாள்.

ததேயுஸ் பெஞ்சில் உட்கார்ந்தார். நாலரை ஆனது. நாலு நாற்பது ஆனது. டீ வந்தது, ஆறிப்போனது. ஜெபமாலை சட்டைப்பையில் இருந்தும் எடுக்கத் தோன்றவில்லை. செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தால் இரண்டு டப்பாவும் உலர்ந்தபடி லேப்பில் இருந்திருக்கும் என்ற ஒரே நினைப்பு குடைந்தது. ஐந்துக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது அதிகாரியின் போன் அடித்தது. பெட்டியோடு உள்ளே வாங்கிவிட்டார்களாம். அதிகாரி ஒன்றும் எழுதவில்லை. விளக்குக்காரன் கதை பிறகு என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்டார்.

பன்னிரண்டு நாள் கழித்து லேப்பிலிருந்து தகவல் வந்தது. முதல் ஏழு நிமிஷத்தை உப்பு தின்றுவிட்டது, மீதிப் பதினெட்டு நிமிஷம் பழுதில்லை. பிரதி எடுத்து இன்டர்நெட் வழியாக இங்கிலாந்துக்கு அனுப்பியாயிற்று. இந்தப் பன்னிரண்டு நாளும் ரெஜிஷாவின் போன் வந்தால் ததேயுஸ் எடுத்ததும் கேட்பது கிழவர் இருக்காரா என்பதைத்தான்.

இருந்தார். மறுநாள் மத்தியானம் ரெஜிஷா கூப்பிட்டாள். கட்டிலில் சாய்த்து உட்காரவைத்துப் படத்தைப் போட்டுக் காட்டினாளாம். கிழவர் மூச்சுவிடாமல் பார்த்தார், முடிந்ததும் தன் கன்னத்தைத் தானே தடவிக்கொண்டார். இப்போது உங்களிடம் பேச வேண்டும் என்கிறார் என்று சொல்லிப் போனைக் கொடுத்துவிட்டாள்.

ததேயுஸ் எழுந்து நின்றுவிட்டார். கிழவர் நன்றி சொல்லத் தொடங்கினார். அதை வாங்கிக்கொள்ள மனசு ஒப்பவில்லை. தன்னிடம் நாலாவது பாகமும் இருந்தது, வெயிலில் போட்டுத் துடைத்து அழித்தது தான்தான் என்று கல்ஃப் இங்கிலீஷில் சொல்லிவிட்டார்.

கிழவர் சிரித்தார். நாலாவதா, போகட்டும் விடுங்கள், அதில் நான் வசனத்தை மறந்து திருதிருவென்று முழித்தேன், அது ஒழிந்தது எனக்கு நல்லதுதான் என்றார்.

ததேயுஸுக்குப் புரிந்துவிட்டது. கிழவர் பொய் சொல்கிறார். தனக்காகச் சொல்கிறார். அந்தப் பாகத்தில் என்ன இருந்தது என்பது உலகத்தில் இனி அவர்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

"இல்ல சார்" என்றார் ததேயுஸ். "நீங்க ஒரு வார்த்தகூட மறக்கல்ல. கடுதாசிய ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்திய. பிள்ளை பிறந்திருக்குன்னு வாசிச்சதும் சிரிச்சிய. பிறவு கடுதாசிய மடிச்சு உள்சட்டையில வச்சிட்டு, விளக்குக் கண்ணாடிய துடைக்கப் போனிய. துடைக்கும்போ முதுகு மட்டும்தான் தெரிஞ்சுது. அந்த முதுகு அழுதுச்சு சார். நான் பாத்தேன்."

மூச்சு இரைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ரெஜிஷா போனை வாங்கப் பார்த்திருப்பாள் போல, கிழவர் கொடுக்கவில்லை. இன்னொரு தடவை சொல்லுங்கள், முதலிலிருந்து, என்றார்.

ததேயுஸ் கண்ணை மூடிக்கொண்டு முதலிலிருந்து சொன்னார், கதவைச் சாத்தும்போது சுவர் ஆடியதையும் விடாமல். அதற்குப் பிறகும் ஒரு தடவை சொன்னார். மொத்தம் மூன்று தடவை.