காதில் செருகிய நெருப்புக்குச்சி

வாவிக்கரையில் உள்ள நாவற்குடாவில் நெருப்புப்பெட்டிக் கம்பனி நடத்திய ஒரு குடும்பத்தின் வரலாற்றை அறுபதுகளில் நான்தான் எழுதினேன். பள்ளி ஆசிரியன், தமிழ் நன்றாக வரும் என்று முதலாளி என்னைக் கேட்டார்.

அப்போதுதான் கம்பனியில் குச்சிமுனைக்கு மருந்து கலக்கும் ஒரு மனிதரைச் சந்தித்தேன். புருவங்கள் இரண்டும் தீய்ந்து போயிருந்தன. காலையில் தோய்த்துக் காய்ந்த குச்சிகளில் ஒன்றைக் காதில் செருகிக்கொள்வார். மத்தியானம் வரை வேர்வையில் ஊறிய அதை உரசிப் பார்ப்பார். பற்றினால்தான் மற்றக் குச்சிகள் பெட்டிக்குப் போகும்.

"ஒரு மாரியில வாவிக்காத்துப் பட்டுக் குச்சியெல்லாம் ஈரலிச்சுப் போச்சு, மாஸ்டர். கம்பனியைப் பூட்டப் பாத்தாங்க. நான்தான் கலவையை மாத்தினன். அதை எழுதுவீங்களா?"

"ஓம், எழுதுறன்" என்றேன். 'மருந்து கலக்குபவர்' என்று குறித்து எழுதியும் கொடுத்தேன்.

முதலாளி அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, "இதில நம்மட மூத்த மகன்ட பேரைப் போடுங்க, மாஸ்டர்" என்றார். அந்த மாரியில் மூத்தவர் கொழும்பில் படித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் போட்டேன்.

புத்தகம் வந்த பிறகு அந்த மனிதரைக் கம்பனி வாசலில் கண்டேன். மகள் வாசித்துக் காட்டினாளாம். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. என் கையில் பற்றவைக்காத சுருட்டு இருந்தது. அவர் காதிலிருந்த குச்சியை எடுத்து, காற்றுக்குக் கை குவித்து உரசினார். முதல் உரசலிலேயே பற்றியது.

"பாத்தீங்களா மாஸ்டர், மூத்தவர்ட மருந்து" என்றார்.

இப்போது அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவர் பெயர் வரவேண்டிய இடத்தில் பேனா நிற்கிறது. நான் அதை ஒருநாளும் கேட்கவில்லை.