தூங்கவைத்த ஞாயிறு

ஸ்டெல்லாவின் வேலையைப் பறித்தவன் நான்தான்.

சோதிக்காமலேயே பாகங்களைப் பெட்டியில் போட்டாள் என்று ஆலை முழுவதும் பேசினார்கள். விசாரணை அறையில் அப்படியே எழுதி அவளிடம் கையெழுத்தும் வாங்கினார்கள். அது உண்மையில்லை என்று அறிந்த ஒரே மனிதன் அதே அறையில், அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அவன் நான்!

இரண்டு ஆண்டுகளாக யாரிடமும் சொல்லவில்லை, என் மனைவியிடம்கூட... உங்களிடம் சொல்கிறேன். என் முகம் உங்களுக்குத் தெரியாது என்கிற துணிச்சலில்தான் சொல்கிறேன். அதை மட்டும் மறைப்பானேன்?

ஒரகடத்தில், கார்களுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் ஓர் ஆலையில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்பவன் நான். பிரிவு என்றதும் பெரிய படை என்று எண்ண வேண்டாம், நானும் என் நாற்காலியும்தான். எங்கள் பதிவுகள் எதுவும் ஆலைக்குள் இல்லை. எல்லாம் க்ளவுடில், அதாவது எங்கோ இருக்கும் வேறொரு நிறுவனத்தின் கணினிகளில், வாடகைக்கு எடுத்த டேட்டாபேஸ் க்ளஸ்டரில் இருக்கின்றன. அது ஓடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வாடகை உண்டு. நிறுத்திவைத்தால் உள்ளே இருப்பது பத்திரமாக இருக்கும், வாடகையும் பெருமளவு குறையும். ஆனால் நிற்கும் நேரத்தில் புதிதாக எதையும் வாங்கிக்கொள்ளாது.

ஆளில்லாத ஆலைக்கு அது ஏன் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்? சனிக்கிழமை கடைசி ஷிப்ட் முடிந்ததும் தானாக நின்று, திங்கள் விடியுமுன் தானாக ஓடத் தொடங்கும்படி செய்தேன். என் சொந்த யோசனை! நிறுத்துவதற்குத் 'தூங்கவைப்பது' என்று பெயரும் நானே வைத்தேன். ஆலைத் தலைவர் எல்லார் முன்னிலையிலும் என் தோளைத் தட்டினார். எங்கள் மற்ற ஆலைகளுக்கும் போய் நான் இதைச் சொல்லித்தர வேண்டும் என்றார். அதுவரை என்னை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்கு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மின்தடை. அதற்கு ஈடாக ஞாயிறு வேலைநாள் என்று கேன்டீன் வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். படித்தேன். நன்றாகவே படித்தேன்! நல்லவேளை, ஆபீஸ்காரர்களுக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டேன். ஆலை ஓடும் அந்த ஞாயிறும் க்ளஸ்டர் தூங்கத்தான் போகிறது என்பது என் மண்டையில் ஏறவேயில்லை...

ஸ்டெல்லா பக்கத்துக் கிராமத்துப் பெண். ஐந்து ஆண்டுகளாக ஒப்பந்தத் தொழிலாளி. கசிவுச் சோதனை மெஷினில் நிற்பாள். பாகத்தை மெஷினில் வைப்பாள், பச்சை விளக்கு எரிந்தால் அதன் எண்ணை டேப்லெட்டில் பதிந்துவிட்டுப் பெட்டியில் போடுவாள். மெஷினுக்கு நினைவு கிடையாது, டேப்லெட்டில் பதிவதுதான் சாட்சி. அவளை நிரந்தரமாக்கும் கடிதம் அந்த மாதம் வரவிருந்தது. வந்ததும் தங்கையை நர்சிங் படிப்பில் சேர்ப்பதாக லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலைப் பூசையை விட்டுவிட்டு ஷிப்டுக்கு வந்திருக்கிறாள். நானோ மறைமலை நகரில் மைத்துனன் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தேன். பத்து மணி இருக்கும். சூப்பர்வைசரின் மேசைப் போனிலிருந்து ஸ்டெல்லா அழைத்தாள்.

"சார், காலைலேந்து நல்லா போய்க்கினு இருந்திச்சு. இப்ப இன்னான்னு தெரியல, சுத்திக்கினே கீது சார்."

கணினிக்காரர்களுக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்து. யோசிக்கவே வேண்டாம், வாயில் தயாராக நிற்கும். "ஒண்ணுமில்லம்மா, லாக் அவுட் பண்ணிட்டுத் திரும்ப லாகின் பண்ணுங்க" என்றேன். வாயில் கேசரி இருந்தது.

"சரி சார்" என்று வைத்துவிட்டாள்.

கேசரியை விழுங்குவதற்குள் உறைத்தது. க்ளஸ்டர் தூங்குகிறதே! காலையிலிருந்து அவள் பதிந்த எதுவும் போய்ச் சேரவில்லை. எல்லாம் டேப்லெட்டுக்குள்ளேயே காத்துக்கிடக்கிறது; அது நிரம்பியதால்தான் சுற்றுகிறது. லாக் அவுட் செய்தால் டேப்லெட் தன்னிடம் இருப்பதையெல்லாம் துடைத்துவிடும்... ஒருவர் பதிந்தது அடுத்தவர் பெயரில் விழுகிறதே என்று, அப்படித் துடைக்கும்படி கேட்டு வாங்கியவனே நான்தான்!

எச்சில் கையோடு எழுந்து ஓடினேன். திரும்ப அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. அவள் மெஷினுக்குப் போயிருப்பாள். என் போனிலிருந்தே க்ளஸ்டரை எழுப்பும் பொத்தானை அழுத்தினேன். அழுத்தியதும் எழுந்துவிடுமா அது? அரை மணி நேரம் பிடித்தது. மறுபடி லாகின் செய்த பிறகு அவள் பதிந்தவை ஒழுங்காக ஏறின. அதற்கு முன்னால், ஷிப்ட் தொடங்கியதிலிருந்து, ஒரு வரிகூட இல்லை.

திங்கட்கிழமையே சொல்லியிருக்கலாம். பெட்டிகள் அப்போது ஆலையிலேயே இருந்தன. திரும்பச் சோதித்திருப்பார்கள், எனக்கு ஒரு திட்டு விழுந்திருக்கும், அவ்வளவுதான். யாரும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. பாராட்டின் சூடு இன்னும் தோளில் இருந்ததே!

மூன்று வாரம் கழித்து கார் கம்பெனியிலிருந்து புகார் வந்தது. இரண்டு பாகங்களில் கசிவு. சோதித்த பாகமும் வழியில் அடிபட்டால் கசியும், அது எல்லோருக்கும் தெரியும். ஆகவே சோதித்த பதிவைக் காட்டுங்கள் என்றுதான் கேட்டார்கள். எதைக் காட்டுவது?

விசாரணையில் ஸ்டெல்லா அழவில்லை. "ஒண்ணு வுடாம செக் பண்ணித்தான் சார் போட்டேன்" என்றாள். "நடுவுல மட்டும் சுத்திக்கினு நின்னுச்சு. சாருக்கு போன் பண்ணேன். சார் சொன்னதும் சரியாயிடுச்சு."

தர மேலாளர் என் பக்கம் திரும்பினார். "ஏம்பா, அன்னிக்கு சிஸ்டத்துல எதுனா பிரச்சினையா?"

"இல்ல சார். சின்ன லாகின் பிரச்சினைதான். சிஸ்டம் ஓடிட்டுதான் இருந்துச்சு."

பொய்யா அது? பதினோரு மணிக்குப் போய்ப் பார்த்திருந்தால் ஓடிக்கொண்டுதானே இருந்திருக்கும்! இப்படி எத்தனை முறை எனக்கு நானே வக்கீலாக வாதாடியிருக்கிறேன் தெரியுமா? க்ளஸ்டர் எப்போது நின்றது, எப்போது எழுந்தது, எழுப்பியவன் யார், எல்லாம் ஒரு பக்கத்தில் என் பெயரோடு பதிவாகியிருந்தது. அதைத் திறக்கும் உரிமை எனக்கு மட்டும்தான். அன்று மதியமே திறந்தேன். பார்த்தேன். மூடினேன்... மூன்று மாதத்தில் அது தானாக அழிந்துபோயிற்று. அழியட்டும் என்று காத்திருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அவளுடைய கேட் பாஸை அன்றே வாங்கிக்கொண்டார்கள். நிரந்தரக் கடிதம் வரவில்லை. எனக்குப் பதவி உயர்வு வந்தது.

போன மாதம் ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். ஒதுங்கிவிடத்தான் நினைத்தேன். அவளே ஓடி வந்தாள். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கிடங்கில் பெட்டி ஒட்டுகிறாளாம், பாதிச் சம்பளம். தங்கை நர்சிங் சேரவில்லை, அவளும் அதே கிடங்குக்கு வருகிறாளாம்.

"உங்கள கேக்கணும்னு நெனச்சிக்கினே இருந்தேன் சார். அன்னிக்கு நீங்க லாக் அவுட் பண்ண சொன்னீங்க இல்ல? அப்ப நான் வேற எதுனா மாத்தி அமுக்கிட்டேனா? அதான் எல்லாம் அழிஞ்சிடுச்சா?"

இதோ, இதுதான் நேரம்! ஒரே ஒரு வாக்கியம் போதும். வாய் திறந்தது. "இருக்கலாம்மா..." என்றேன்.

இருக்கலாமாம்!

அவள் தலையாட்டினாள். "நானும் அப்பிடித்தான் சார் நெனச்சேன். பொழப்பு போன கோவத்துல கம்பெனியத் திட்டிக்கினே இருந்தேன். அப்பறம் மனசு கேக்கல. கோயில்ல பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்ட சொல்லிட்டேன். என் கவனக்கொறவால எல்லாருக்கும் கெட்ட பேரு வந்திச்சுன்னு. ஜெபமாலை சொல்ல சொன்னாரு, சொல்லிட்டேன். இப்ப பாரமில்ல சார்."

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "விடுங்கம்மா, யாருதான் தப்பு பண்ணல" என்றேன். நான்! அவளை! மன்னித்தேன்!

"நீங்க ஒருத்தர்தான் சார் அன்னிக்கு போன எடுத்துப் பேசினீங்க" என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறிக்கொண்டாள்.

யோசித்துப் பாருங்கள். என் பாவத்தை அவள் தன் பெயரில் முழங்காலிட்டுச் சொல்லியிருக்கிறாள். அதற்கு மன்னிப்பும் கிடைத்துவிட்டது, அவளுக்கு! உண்மையைச் சொன்னால் அவளுக்கு அந்த நிம்மதியும் போய்விடுமே என்று இப்போது புதிதாக ஒரு காரணம் வேறு கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். அது அவள்மேல் இரக்கமா, என்மேல் இரக்கமா? உங்களுக்குத் தெரிகிறது. எனக்கும் தெரிகிறது.

அவள் ஊர் எனக்குத் தெரியும். கம்பெனி பஸ் தினமும் அந்த வழியாகத்தான் போகிறது. நான் இறங்குவதில்லை.