தெர்மாகோல் பாய்மரம்

புது ஃபிரிட்ஜை அட்டைப்பெட்டியிலிருந்து இழுத்தபோது தெர்மாகோல் கீச்சென்றது. உடனே ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்கரை கண்முன் வந்து நின்றது.

நான் மூன்றாம் வகுப்பு. சுற்றிலும் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். அப்பாவும், பக்கத்து அறையில் குடியிருந்த தூத்துக்குடி சேவியர் மாமாவும் ஒரே கம்பெனியில் பேக்கிங் வேலை. அங்கே கழித்துப்போட்ட தெர்மாகோலில் ஆளுக்கொரு பாய்மரப் படகு செய்து, மாமா ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஏரியில் விடுவார்கள்.

அப்பாவின் படகு ஒல்லி. முழ உயரப் பாய். காற்று பின்னாலிருந்து தள்ளினால் பறக்கும். மாமாவுடையது அகலமானது, குட்டைப் பாய், அடியில் இரும்புத் தகடு.

“இன்னாப்பா, உன் படகு தூங்கிக்கினு கீதா?” என்றார் அப்பா ஒரு ஞாயிறு.

“காத்து பக்கவாட்டுல அடிக்கட்டும்ணே, அப்புறம் பேசுங்க.”

அடித்தது. அப்பாவின் படகு பாயோடு தண்ணீரில் படுத்துக்கொண்டது. மாமாவுடையது லேசாகச் சாய்ந்து, நிமிர்ந்து, மதகு வரை நேராகப் போய்ச் சேர்ந்தது. தோற்பது அப்பாவுக்குப் பல்வலி மாதிரி. நனைந்த படகைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார்.

அந்த வாரம் முழுக்க இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு அறுத்தார்கள், ஒட்டினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கரையில் துணியை விலக்கினால், அப்பா கையில் தகடு வைத்த அகலப் படகு. மாமா கையில் முழ உயரப் பாயோடு ஒல்லிப் படகு.

“தோத்தவன் நான். நீ ஏன்யா மாத்தினே?”

“உங்க படகு பறந்ததைப் பாத்ததுலயிருந்து எனக்கு உறக்கமே இல்லண்ணே.”

ஃபிரிட்ஜ் கொண்டுவந்தவர் தெர்மாகோலை வாரிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

“அதைப் போட்டுடாதீங்க,” என்றேன். “ரெண்டு படகு பண்ணணும்.”